நடுநிலை வகுப்பு மாணவர் வரலாற்றில் எதைக் கற்றிருக்க வேண்டும்?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுகளும் பெயர்களும் மனப்பாடமாக இருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவை வேண்டும்தான், ஆனால், காரணங்களை வகைப்படுத்திப் பார்க்கும் திறனே இவ்வயதின் முதன்மையான கற்றல் நோக்கம் என்பது என் கருத்து.

வேலூர்ப் பிள்ளைகளுக்கு அதற்கான பாடம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தனர் என்று கேட்டால், தலைப்பாகை என்று சொல்லிப் பலரும் நிறுத்திக்கொள்கின்றனர். தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும், நெற்றியில் சமயக் குறி இடுவதற்கும் தாடிக்கும் விதித்த தடையும் உடனடிக் காரணங்கள். 1799இல் மைசூர் மன்னர் திப்பு சுல்தான் வீழ்ந்ததும், அவருடைய பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்ததும் பின்புலம். இவ்விரண்டையும் எட்டாம் வகுப்பு மாணவர் தம் சொந்த நடையில் பிரித்தெழுத வேண்டும். விளைவாக, சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டதையும் அதனுடன் இணைக்க வேண்டும்.

கால உணர்வு அடுத்தது. கோட்டையும் ஜலகண்டேசுவரர் கோயிலும் விஜயநகரக் காலத்தவை, கிளர்ச்சியோ கம்பெனிக் காலத்தது என்பதை ஒரே காலக்கோட்டில் குறிக்கச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

வரைபடப் பயிற்சியைப் பள்ளிகள் பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகவே நடத்துகின்றன என்பது வருத்தத்திற்குரியது. கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்று காலையிலேயே எப்படி வந்து சேர்ந்தது என்பதை, அளவுகோலை வைத்துத் தொலைவைக் கணக்கிட்டு மாணவரே விளக்கட்டும்.