கஞ்சா கன்றை எப்போது வெளியே நடுவது?

கேள்வி: நண்பர் மூன்று கஞ்சா குளோன் கன்றுகள் (தாய்ச்செடியின் கிளையை வெட்டி வேர்விட வைத்தவை) தந்தார். வீட்டுக்குள் 18 மணி நேரம் விளக்கு போட்டு வைத்திருக்கிறேன். மே மாத நீண்ட வார இறுதியில் பின்முற்றத்தில் வைக்கலாமா? அடுத்த வருடம் எந்த ரகம் நல்லது?
– ஒரு வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: மே வேண்டாம், ஜூன் முதல் வாரம் தாண்டட்டும். எல்லோரும் உறைபனிக்குத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் குளோனைக் கெடுப்பது இரவின் நீளம். விதையில் முளைத்த கன்று இளசு, சீக்கிரம் பூக்காது. குளோன் தாய்ச்செடியின் முதிர்ச்சியோடு வருவது, அதை 18 மணி வெளிச்சத்திலிருந்து ரொறன்ரோவின் மே மாத நடுப்பகுதிக்கு, அதாவது 15 மணிக்கும் குறைந்த பகலுக்கு, திடீரென்று தள்ளினால் மொட்டு வைத்துவிடும். அப்புறம் ஜூனில் பகல் நீளும்போது மறுபடி இலைக்குத் திரும்பும், பல வாரம் வீண். இப்போதே விளக்கு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 16 மணிக்குக் குறைத்து வாருங்கள்.

இன்னொன்று, நேரே பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள். சின்ன வேர் உறிஞ்சாத ஈரம் மண்ணிலேயே தங்கி வேர் அழுகும். சிறு சாடியில் வைத்து, அடித் துளையில் வெள்ளை வேர் தெரிந்ததும் 20 லிட்டர் துணித்தொட்டிக்கு மாற்றலாம். தண்டை முன்பைவிடச் சற்று ஆழமாகப் புதைத்தால் அங்கேயும் வேர் வரும். முதல் வாரம் உரம் போடவேண்டாம். வெளியே எடுத்தாலும் ஒரு வாரம் நிழலில் பழக்கிவிட்டுத்தான் முழு வெயில். அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், சிலந்திப்பேன் தாய்ச்செடியிலிருந்தே கூட வந்துவிடும்.

ரகம் விஷயத்தில் பெயரையும் போதை தரும் டிஎச்சி சதவீதத்தையும் பார்த்து மயங்காதீர்கள், எப்போது அறுவடைக்கு வரும் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். இங்கே செப்டம்பர் கடைசியில் மழையும் குளிரும் சேர்ந்தால் கெட்டியான மொட்டுக்குள் சாம்பல் பூஞ்சணம் பிடித்து உள்ளிருந்தே அழுகும். செப்டம்பருக்குள் முடிகிற, மொட்டு சற்றுத் தளர்வாக இருக்கிற ரகம்தான் வேண்டும். நவம்பர் வரை இழுக்கும் சட்டிவா வகைகள் நம் முற்றத்துக்குச் சரிவராது. ஆட்டோஃபிளவர் ரகமென்றால் விதையாக வாங்குங்கள், அது பகல் நீளத்தைப் பார்க்காமல் வயது வந்ததும் பூப்பதால் அதில் குளோன் எடுத்துப் பயனில்லை.

கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. பூக்காத நான்கு செடி வரை பெரியவர்களுக்குள் இலவசமாகக் கொடுக்கலாம், எனவே நண்பர் தந்ததில் தவறில்லை. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். குழந்தைகள் எட்டாதபடி வேலிக்கதவைப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். அப்படியானால் 12 செடி வளர்க்கலாமா? மொன்றியலில் இருக்கும் தம்பியும் வளர்க்க விரும்புகிறார்.
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: இல்லை அம்மா. வளர்க்க அனுமதித்த நான்கு செடி என்பது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும் வாசியுங்கள், அதில் தடை இருக்கலாம். தம்பியிடம் வேண்டாமென்று சொல்லுங்கள்: 2018இல் கனடா முழுக்கக் கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் வந்தபோதே, மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பைத் தடை செய்தது, அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது.