ஒரே மரபணு, மகனுக்கு மட்டும் ஏன் கால் முறுக்குகிறது?

கொருக்குப்பேட்டை நண்பரே, டிஒய்டி1 மரபணு மாற்றம் உங்களுக்கும் இருக்க, 9 வயது மகனுக்கு மட்டும் ஏன் டிஸ்டோனியா (தசைகள் தானாக இறுகி உடலை முறுக்கும் நோய்) என்று கேட்டிருந்தீர்கள். மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கே நோய் வெளிப்படும். உங்கள்மேல் குற்றமே இல்லை.

இந்த மாற்றத்தால், அந்த மரபணு உருவாக்கும் டார்சின்-ஏ புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற ஒரேயொரு கட்டுமானத் துண்டு விடுபடுகிறது. அந்தப் புரதம் செல்லுக்குள் புரதங்கள் உருவாகும் எண்டோபிளாச வலைப்பின்னலில் இருக்காமல், செல்லின் உட்கருவைச் சுற்றியுள்ள உறையில் போய்த் தேங்குகிறது. புரதங்களை மடித்துச் சரிபார்க்கும் வேலை தடுமாறி, செல் திணறுகிறது. ஆனால் நரம்பு செல்கள் கூட்டமாக மடிவதில்லை. அதனால்தான் எம்ஆர்ஐ சாதாரணமாக வருகிறது. புத்தியும் குறையாது, பள்ளியை நிறுத்தாதீர்கள்.

முறுக்கைக் குறைக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையின் அளவை மருத்துவர் மெல்ல மெல்லத்தான் கூட்டுவார். வாய் வறண்டாலும், மறதி வந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வாந்திக்கென்று கடையில் மெட்டோகுளோபிரமைடு வாங்கவே வேண்டாம், முறுக்கு கூடும். மாத்திரை போதாவிட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் ஆழ்மூளைத் தூண்டல் (மூளைக்குள் மின்முனை பொருத்தித் தூண்டும் சிகிச்சை) பற்றிக் கேளுங்கள். இந்த வகைக்கு அது நன்றாகவே கைகொடுக்கும்.