அப்பாவின் ஹைலக்ஸ்: பெயிண்ட் கடைசியில்

கேள்வி: அப்பா தேங்காய் ஏற்றி ஓட்டிய 1994 ஹைலக்ஸ், 2.8 டீசல். அவர் காலமானதிலிருந்து ஐந்து வருடமாக வீட்டுப் பின்னால் நிற்கிறது. அண்ணன் இரும்புக் கடைக்குப் போட்டுவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. பெயிண்ட் அடித்து, ரிம் மாற்றி, கொஞ்சம் உயர்த்தி, லைட் பார் போட ஆசை. கையில் பத்தாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. வீட்டிலேயே செய்யலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: செய்யலாம் தம்பி. ஆனால் நீங்கள் சொன்ன வரிசையைத் தலைகீழாக்குங்கள். அந்தப் பத்தாயிரத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குத்தான் போகும்.

ஸ்பேனரைத் தொடும் முன் கெரானை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். இன்னும் அப்பா பெயரில் இருந்தால் இறந்தவர் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் அரசு நிறுவனமான அமானா ராயா மூலமோ வக்கீல் மூலமோ பெயர் மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். வீட்டில் எல்லாருடைய சம்மதமும் வேண்டியிருக்கும், அதனால் அண்ணனிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். கடல்காற்றில் ஐந்து வருடம் நின்ற வண்டி அது. பின் இலை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், பின் சக்கரத்துக்கு மேலே சேசிஸ் வளைகிற இடம், இந்த இரண்டிலும் மண் உள்ளே போய் ஈரத்தோடு தங்கிவிடும். சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ணங் என்று கேட்கும், அரித்த இடம் டொக் என்று அமுங்கும். அமுங்கிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு நல்ல வெல்டரிடம் புதுத் தகடு வைக்க வேண்டும். புட்டி பூசி மூடுவது வேலையே இல்லை, புட்டி ஈரத்தை உறிஞ்சும், துரு அடியிலேயே வளரும். கேபினில் ரப்பர் பாயைத் தூக்கித் தரையையும், முன் கண்ணாடியின் கீழ் மூலைகளையும் பாருங்கள். துரு சுரண்டும்போது சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரை வைக்காதீர்கள், அந்த எண் அழிந்தால் புஸ்பகோம் வாகனப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

எஞ்சினை ஆசையில் உடனே ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள். நம் ஊர் டீசலில் பாமாயில் டீசலும் கலந்திருப்பதால் நின்ற டாங்கியில் தண்ணீரும் பாசி போன்ற பூஞ்சையும் சேர்ந்திருக்கும். டாங்கியை இறக்கிக் கழுவி, ஃபில்டரையும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள், ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே போய்விடும். எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினின் அச்சான கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் பேட்டரி. பிரேக்கில் பழைய எண்ணெய் ஈரம் இழுத்திருக்கும், பின் சக்கர சிலிண்டர்கள் ஒழுகுகிறதா என்று பார்க்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

உயர்த்துவதில்தான் எனக்குப் பயம். ஹைலக்ஸில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய்ச் சேசிஸில் உள்ள பிரேக் வால்வில் சேரும். சரக்கு ஏறி வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். நீங்கள் வண்டியைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், முழு லோடு இருந்தாலும் வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் சரியாகப் பிடிக்காது. தேங்காய் ஏற்றுவதென்றால் உயர்த்தவே வேண்டாம்.

பெயிண்டில் பிரைமர் வரை நீங்களே அடிக்கலாம், சுத்தமான இரும்பின் மேல் எப்பாக்ஸி பிரைமர்தான் சரி. மேல் பூச்சுக்கு டூ-கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) என்றால் கடையில் விடுங்கள், அதில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் போதாது. நிறம் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் சொல்லிக் கெரானிலும் மாற்ற வேண்டும்.

ரிம் உங்கள் இஷ்டம், டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தாமல் இருந்தால் சரி. லைட் பார் வேண்டாம், ரோட்டில் எதிரே வருகிறவர் கண் கூசும், சம்மனும் வரும். பழைய ஹெட்லைட்டுக்குப் புது ரிலேயும் நல்ல ஒயரும் போடுங்கள், வெளிச்சம் போதும்.