ஐம்பது வயதில் நடிப்புலகில் நுழைந்து பெயர் வாங்கிய ஆங்கிலேய நகைச்சுவை நடிகை யாராவது உண்டா?

உண்டு. லிஸ் ஸ்மித். 1921-இல் ஸ்கன்தார்ப் ஊரில் பிறந்தவர். இரண்டு வயதில் தாயை இழந்தார், அப்புறம் அப்பாவும் விட்டுப் போய்விட்டார். வளர்த்தது பாட்டிதான்.

விவாகரத்துக்குப் பின் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். கிடைத்த வேலையைச் செய்துகொண்டே சின்னச் சின்ன நாடகக் குழுக்களில் நடித்து வந்தார். கிறிஸ்துமஸ் நேரத்தில் லண்டன் ஹாம்லீஸ் கடையில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தபோதுதான் தன் படத்தில் நடிக்கச் சொல்லி இயக்குநர் மைக் லீயின் அழைப்பு வந்தது. 1971-இல் அந்தப் படம் வெளியானபோது அவருக்கு ஏறக்குறைய ஐம்பது வயது! 'எ பிரைவேட் ஃபங்ஷன்' படத்துக்காக பிரிட்டனின் பெரிய திரைப்பட விருதான பாஃப்டாவும் வாங்கினார்.

தொலைக்காட்சியில் 'தி விக்கார் ஆஃப் டிப்ளி' தொடரில் லெட்டிஷியா கிராப்ளியாக வந்தார். ஒன்றோடொன்று சேராத பொருள்களைப் போட்டுப் பலகாரம் செய்து, ஊருக்கே அன்போடு நீட்டும் கிழவி. ஆனால் என்னைக் கேட்டால், அவருடைய உச்சம் 1998-இல் தொடங்கிய 'தி ராயில் ஃபேமிலி'யில் வரும் நானா பாட்டிதான். சோஃபாவில் உட்கார்ந்தபடியே, ஒரு பார்வையிலும் ஒரு முனகலிலும் சிரிக்க வைத்துவிடுவார். 2006-இல் வந்த சிறப்புப் பகுதியில் படுக்கையில் கிடக்கும் நானாவுக்கு மகள் தலைமுடியைச் சீர் செய்துவிடுவாள். கிழவியின் முகத்தில் குழந்தையின் பெருமிதம். சிரித்துக்கொண்டே இருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2016 டிசம்பர் 24 அன்று, 95 வயதில் மறைந்தார். முதலில் அந்தச் சிறப்புப் பகுதியைப் பாருங்கள்.