கி-67 எழுபது என்றால் நாள் எண்ணுவதா?

கேள்வி: அப்பச்சிக்கு 64 வயது. மூன்று மாதமாக இட்லிகூட நெஞ்சில் நின்றுதான் இறங்கியது. உணவுக்குழாய்ப் புற்றுநோய், ஸ்குவாமஸ் வகை என்கிறார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் பி40 பாசிட்டிவ், பி53 பாசிட்டிவ், கி-67 70 சதவீதம், ஹெர்-2 1+, பிடி-எல்1 சிபிஎஸ் 12. கி-67 இவ்வளவு இருந்தால் நாள் எண்ண வேண்டியதுதான் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து ஆத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. உண்மையா?
- வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. முதலில் ஆத்தாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கி-67 என்பது நூறு புற்றுச்செல்லில் எத்தனை பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு. ஸ்குவாமஸ் வகையில், அதாவது உணவுக்குழாயின் உள்தோல் செல்லில் தொடங்கும் புற்றில், அது கூடுதலாக வருவது வழக்கம்தான். அதை வைத்து யாரும் ஆயுளைச் சொல்வதில்லை, சிகிச்சையையும் மாற்றுவதில்லை. பி53-உம் அப்படியே. பி40 பாசிட்டிவ் என்பது 'இது ஸ்குவாமஸ்தான்' என்ற அடையாளம் மட்டுமே. ஹெர்-2 என்ற புரதம் முக்கியமாவது சுரப்பி வகைப் புற்றில். அங்கே 3+ வந்தால் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து உண்டு, 2+ வந்தால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

ரிப்போர்ட்டில் பயன்படும் எண் சிபிஎஸ். நோயெதிர்ப்புச் செல்களைத் தடுக்கும் பிடி-எல்1 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதன் மதிப்பெண் அது. பிடி-எல்1 சாயமேறிய புற்றுச்செல், நோயெதிர்ப்புச் செல்களான லிம்போசைட், மேக்ரோஃபேஜ் மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தப் புற்றுச்செல்லால் வகுத்து 100-ஆல் பெருக்குவார்கள். ஆகவே 12 என்பது 12 சதவீதம் அல்ல. துண்டில் குறைந்தது 100 உயிருள்ள புற்றுச்செல் இருக்க வேண்டும். எண்டோஸ்கோபியில் கிள்ளியெடுக்கும் துண்டோ கடுகளவு. அடுத்த துண்டில் எண் மாறலாம். நோய் வேறு உறுப்புக்குப் பரவியிருந்தால் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்ப்பதில் 10-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது.

ஆயுளைப் பெரிதும் முடிவு செய்வது கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நெறிக்கட்டி, பரவல் உண்டா என்பதே. பரவலைத் தேடும் பெட்-சிடி ஸ்கேன் எடுத்தாயிற்றா? பரவாமல், அறுவைக்கு ஏற்ற நிலையில் இருந்தால் கீமோவும் கதிர்வீச்சும் முதலில், பிறகு அறுவை. 2012-இல் வெளியான கிராஸ் ஆய்வில் இப்படிச் செய்த ஸ்குவாமஸ் நோயாளிகளில் 49 சதவீதம் பேருக்கு, அறுத்தெடுத்த பகுதியில் புற்றே மிஞ்சவில்லை. எடை இறங்கிக்கொண்டே போனால் சிகிச்சை இடையில் நிற்கக்கூடும்; விழுங்க முடியாவிட்டால் உணவு செலுத்தும் குழாய் (ஃபீடிங் டியூப்) பொருத்தக் கேளுங்கள்.

மதுரைக்கோ சென்னைக்கோ மறுகருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்ஸித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் லேபில் கையெழுத்திட்டு வாங்கி, அதிலுள்ள எண் ரிப்போர்ட் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெட்டி வைத்த பழைய ஸ்லைடில் பிடி-எல்1 சாயம் மங்கலாகவே ஏறக்கூடும். பிளாக் இருந்தால் புதிதாக வெட்டிக்கொள்வார்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காரில் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். மெழுகு இளகிவிடும்.