முதல் ஆல்பத்துக்கு எத்தனை வாத்தியம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கன்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் நானே எழுதி மெட்டமைத்த எட்டுத் தமிழ்ப் பாடல்களை, கிட்டாரோடு என் முதல் ஆல்பமாக வீட்டிலேயே பதிவு செய்யப் போகிறேன். பனிமூட்டம் இறங்கினால் கிட்டார் சுருதி நிற்பதில்லை. கம்பியை அழுத்தவும் கஷ்டமாக இருக்கிறது. வேறு கிட்டார் வாங்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம், புதியதும் அதே பாடுதான் படுத்தும். மேல்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது, அதில் ஒட்டியிருக்கும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் சேர்ந்து எழும்பும்; கழுத்திலுள்ள உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளிலிருந்து கம்பி விலகிவிடும். 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு அடியில் 2.5 மி.மீ. இடைவெளி போதும். 3 மி.மீ.யைத் தாண்டிவிட்டதென்று, பிரிட்ஜின் மேல் கம்பி உட்காரும் சாடிலை உடனே தேய்த்துவிடாதீர்கள். கோடையில் பலகை வற்றியதும் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். முதலில் உலர வையுங்கள். கேஸுக்குள் சிறிய ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல் பைகளும் போட்டு, 45–55 சதவீதத்துக்குள் வையுங்கள். ஒரே நாளில் சரியாகாது. அடுப்புப் பக்கம் வைத்து அவசரப்பட்டால் பலகை வெடிக்கும்.

புதுக் கம்பியைப் பதிவுக்கு முதல் நாளே மாட்டி, இழுத்து விட்டுப் பழக்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் ஸ்டூடியோவுக்குப் போனால், ஒரு மணி நேரமாவது கழித்துக் கேஸைத் திறக்கவும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டால் பிரிட்ஜை ஒட்டிய பசையே இளகிவிடும்.

கேள்வி: மைக்கை எங்கே வைப்பது? எனக்குக் கிட்டார் சத்தம் 'தம் தம்' என்று குழம்புகிறது.
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஒலித்துளைக்கு நேரே வைத்திருப்பீர்கள். கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து, 20–25 செ.மீ. தள்ளி வையுங்கள். மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை மைக் என்றால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த மறக்க வேண்டாம். 24 பிட்டில் பதிந்து, ஒலியளவின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த ஒலியை மிக்ஸிங்கில் மீட்க முடியாது.

பாடிக்கொண்டே வாசித்தால் ஒரு மைக்கின் ஒலி இன்னொன்றில் கசியும்; பிசகிய ஒரு வரியை மட்டும் பிறகு திருத்த முடியாது. ஆனாலும் கன்ட்ரி பாணிக்கு அதையே சொல்வேன். பாடுகிறவரின் மூச்சுக்கு ஏற்பத் தாளம் நெகிழ்வதுதான் இதன் உயிர். முழு டேக்குகளாக எடுத்து, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை வீடென்றால் மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

கேள்வி: வயலின், டிரம்ஸ், கோரஸ் எல்லாம் சேர்த்தால்தானே ஆல்பம் போல இருக்கும்?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: டெக்சாஸ்காரரான கன்ட்ரி பாடகர் டவுன்ஸ் வான் ஸாண்டின் முதல் ஆல்பம் 1968-இல் ஜோடனை மிகுந்து வந்தது. அது அவருக்கே பிடிக்காமல், அதிலிருந்த சில பாடல்களை 1969 ஆல்பத்தில் எளிமையாக மறுபடி பாடிப் பதிந்தார். கிட்டாரும் குரலுமாகவே நிற்காத பாட்டை வயலின் தூக்கி நிறுத்தாது. நிற்கிற பாட்டுக்கு ஒரே ஒரு வாத்தியம், அதுவும் இரண்டாம் சரணத்திலிருந்து.

கேள்வி: வெளியிடும் முன் என்னென்ன வேண்டும்?
– வாசகர், ஆத்தூர்

பதில்: ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண், ஆல்பத்துக்கு அதேபோல ஒரு யு.பி.சி. எண். விநியோகிக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் தந்துவிடும். எம்.பி.3 அல்ல, வேவ் கோப்பையே அனுப்புங்கள். அட்டைப்படம் 3000 × 3000 பிக்சல். பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற முறையில் ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள். நண்பர் யாராவது ஒரு சரணம் எழுதித் தந்திருந்தால், பங்கு எவ்வளவு என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.