உண்ணிக் காய்ச்சல் கிட் 'நெகட்டிவ்' என்று வந்தால் நாய்க்கு நோய் இல்லையா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு நான்கு வயது. மூன்று நாள் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. கிளினிக்கில் உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட் என்று 1,800 ரூபாய்க்கு ஒரு கிட் போட்டார்கள், எல்லாம் நெகட்டிவ். ஐந்து நாள் கழித்து வேறொரு டாக்டர் காது நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு 'பேபீசியா கிப்சனை' என்கிறார். முதல் கிட் போலியா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? பிசிஆர் வேறு எடுக்கச் சொல்கிறார், அது தேவையா? (சென்னை வாசகர்)

பதில்: கிட் போலியாக இருக்க வேண்டியதே இல்லை. அது பேபீசியாவைத் தேடவே இல்லாமல் இருந்திருக்கலாம். 'உண்ணிக் காய்ச்சல்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. எர்லிக்கியா ஒரு பாக்டீரியா, பேபீசியா ரத்தச் சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் ஒட்டுண்ணி, இரண்டுக்கும் மருந்தே வேறு. பல நாடுகளில் விற்கும் ஸ்னாப் 4டிஎக்ஸ் பிளஸ் கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: இதயப்புழு, எர்லிக்கியா, அனாப்ளாஸ்மா, லைம் என்ற நான்கு நோய்களைத்தான் பார்க்கும், பேபீசியா அதில் கிடையாது. உங்களுக்குப் போட்டது எது என்று நீங்கள் எழுதவில்லை, பில்லையும் கிட் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். இத்தனைக்கும் பேபீசியா கிப்சனை என்ற இந்த இனத்தை 1910-ல் பேட்டன் என்பவர் முதன்முதலில் விவரித்ததே மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்திலிருந்துதான். அப்படிப்பட்ட ஊரில், பேபீசியாவைப் பார்க்காத கிட்டைப் போட்டுவிட்டு 'உண்ணிக் காய்ச்சல் இல்லை' என்று வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணம் திரும்ப வருமா என்றால், பில்லில் பேபீசியா என்று எழுதிவிட்டு அதைப் பார்க்காத கிட்டைப் போட்டிருந்தால் தாராளமாகக் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 'டிக் ஃபீவர் டெஸ்ட்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் நிரூபிப்பது கஷ்டம். அதனால்தான் பணம் கட்டும் முன்பே 'இது எந்தெந்தக் கிருமியைப் பார்க்கும், பில்லில் எழுதித் தருவீர்களா' என்று கேட்டுவிட வேண்டும்.

பேபீசியாவைப் பார்க்கும் கிட்டுகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பல ஒட்டுண்ணியைத் தேடுவதில்லை, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் தேடும். நோய் பிடித்த முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதுமான அளவு உருவாகியிருக்காது, அப்போது நாய் துவண்டு கிடக்கும், கிட் நெகட்டிவ் காட்டும். எப்போதோ வந்துபோன நோய்க்கும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் தங்கும், அப்போது நன்றாக ஓடியாடும் நாய்க்கும் பாசிட்டிவ் வரும். எந்தப் பக்கம் வந்தாலும் அந்தக் கிட்டின் முடிவை மட்டும் நம்பி ஊசி போட விடாதீர்கள்.

உங்கள் இரண்டாவது டாக்டர் செய்தது நல்ல வேலை. காது நுனியின் நுண்குழாய்களில் ஒட்டுண்ணி கூடுதலாகச் சிக்கும். ஊசியால் ஒரு குத்து, ஒரு சொட்டை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், இதைத்தான் ஸ்மியர் என்பார்கள். சிவப்பணுவுக்குள் சின்ன மோதிரம் மாதிரி தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை, செலவும் குறைவு. ஆனால் கிப்சனை ஒன்றிலிருந்து மூன்று மைக்ரான்தான், பழக்கப்பட்ட கண் வேண்டும். நோய் நாள்பட்டதாக இருந்தால் ரத்தத்தில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கும், ஸ்மியரில் தப்பிவிடும். அதனால் ஸ்மியர் பாசிட்டிவை நம்பலாம், நெகட்டிவை அப்படியே நம்பக் கூடாது.

பிசிஆர் ஒட்டுண்ணியின் டிஎன்ஏவையே தேடுவதால் ஸ்மியரில் தப்புவதையும் பிடிக்கும், எந்த இனம் என்றும் சொல்லும். இனம் தெரிவது முக்கியம், ஏனென்றால் பேபீசியாவில் உருவில் பெரிய வகைக்குக் கேட்கிற இமிடோகார்ப் ஊசி கிப்சனையை முழுதாக ஒழிக்காது, அதற்கு அடோவாகுவோன், அசித்ரோமைசின் சேர்த்து பத்து நாள் கொடுப்பார்கள். உங்களுக்கு இனத்தை ஸ்மியரிலேயே சொல்லிவிட்டதால், வசதி இருந்தால் எடுங்கள் என்பேன், ஆனால் மருந்து ஆரம்பிக்கும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். பணம் ஒரு தடவைக்குத்தான் என்றால் அதைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்துச் செலவழியுங்கள். தெம்பாகத் தெரிகிற நாயிலும் கிப்சனை ஒளிந்திருக்கும், அப்போது நெகட்டிவ் வந்தால் அடுத்த மாதம் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்வது வழக்கம்.

கேள்வி: இந்த கிட்டை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ரத்தம் எடுப்பதை விடுங்கள், வெயிலில் பார்சல் வண்டியில் கிடந்து வந்த கிட்டை எப்படி நம்புவது? அந்தப் பணத்துக்கு ஒரு ஸ்மியரும் ரத்த எண்ணிக்கையும் பார்த்துவிடலாம், பிளேட்லெட் சரிந்திருந்தால் டாக்டருக்கு அதுவே பெரிய துப்பு. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது. வெளுத்துப்போயிருந்தாலோ, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ, எந்த டெஸ்ட் என்ன சொல்லியிருந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.